ஆர்பிஜி-யிலிருந்து நேராக வெப் சர்வீஸ்: ஆம், இல்லை, தெரியவில்லை

ஐபிஎம்-மின் வணிகக் கணினியான ஏஎஸ்/400-இல் (அதன் இன்றைய வாரிசு ஐபிஎம் ஐ) ஆர்பிஜி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களிடம் வெப் சர்வீஸ் என்று சொன்னால், "அது ஜாவா டீம் வேலை" என்று ஒதுங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. ஆர்டர் என்ட்ரி புரோகிராமின் நடுவிலிருந்தே, வேறு மொழியின் துணையில்லாமல், வெளியே இருக்கும் சர்வரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிவிடலாம். அதற்கு எழுத வேண்டியது, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லில் சில வரிகள்தான். அந்த வரிகளை ஒரு மதிய நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பதில் வராமல் போகும்போது புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் நிதானமான யோசனை தேவை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்கு இடம் கொஞ்சம் அதிகம்.

விளக்கத்துக்கு ஓர் உண்மையான தேவையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். ஆர்டர், பில்லிங், கிடங்கு எல்லாமே ஐபிஎம் ஐ மெஷினில், ஆர்பிஜி-யில் ஓடுகிறது. நெதர்லாந்திலோ போலந்திலோ உள்ள ஒரு கடைக்குச் சரக்கு அனுப்பினால், அந்தக் கடையின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண் செல்லுபடியாக இருந்தால்தான் வரி போடாமல் பில் எழுத முடியும். 2020 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, வாங்குபவரின் வாட் எண் அந்த வரிவிலக்குக்கான அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. எண் தவறென்றால், விடுபட்ட வரி விற்றவர் தலையில் விழக்கூடும். இந்த எண்களைச் சரிபார்க்க ஐரோப்பிய ஆணையம் வியெஸ் என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. உலாவியில் திறந்து கையால் தட்டிப் பார்க்கலாம், புரோகிராம் வழியாகவும் கேட்கலாம்.

புரோகிராம் வழியாகக் கேட்பதற்குப் பல நிறுவனங்களில் பழைய வழி ஒன்று உண்டு. அன்றைய வாடிக்கையாளர் எண்களை ராத்திரி ஒரு ஃபைலில் கொட்டுவார்கள். எஃப்டிபி-யில் அது ஒரு விண்டோஸ் சர்வருக்குப் போகும். அங்கே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வியெஸிடம் கேட்டு, பதிலை இன்னொரு ஃபைலில் எழுதும். காலையில் அந்த ஃபைல் திரும்பி வந்து ஏஎஸ்/400-இல் ஏறும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் யாருக்கும் உடனே தெரியாது. விண்டோஸ் சர்வரின் பாஸ்வேர்டு காலாவதியாகி, மூன்று நாள் பழைய ஃபைலே திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருக்கலாம். நேராகக் கேட்பதன் பெரிய லாபம் இங்கேதான்: வேகத்தைக் காட்டிலும், தவறு நடந்தால் அது நடந்த இடத்திலேயே, ஆர்டர் போடுகிறவரின் கண் முன்னால் தெரியும்.

வெப் சர்வீஸ் என்பது என்ன? ஒரு முகவரி, அதற்கு அனுப்பும் ஓர் உரை, அங்கிருந்து திரும்பி வரும் ஓர் உரை. அவ்வளவுதான். அந்த உரையின் வடிவம் பெரும்பாலும் ஜேசன், சில இடங்களில் எக்ஸ்எம்எல். வியெஸுக்கு அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்; உண்மையில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்:

{ "நாடு": "என்எல்", "வாட் எண்": "123456789பி01" }

பதில் இப்படி வரும்:

{ "நாடு": "என்எல்", "வாட் எண்": "123456789பி01", "செல்லும்": உண்மை, "பெயர்": "…", "முகவரி": "…" }

ஆர்பிஜி-காரர் கண்ணுக்கு இது ஒரு ரெக்கார்டு மாதிரியே தெரியும். அப்படிப் பார்ப்பதில் தவறில்லை. ஒரே வித்தியாசம், ஃபீல்டுகள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகின்றன என்ற கணக்கு இதில் கிடையாது. பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். வரிசை மாறி வரலாம், புதிய ஃபீல்டு ஒன்று இடையில் முளைக்கலாம், ஏதாவது ஒன்று வராமலே போகலாம்.

ஆர்பிஜி பிறந்தது 1959-இல், ஐபிஎம் 1401 மெஷினுக்காக. பஞ்ச் கார்டின் பத்திகளை எண்ணி எழுதிய மொழி அது. ஏஎஸ்/400 வந்தது 1988-இல், ஆர்பிஜி 4 வந்தது 1994-இல். இன்று பத்திக் கணக்கே இல்லாமல் முழுச் சுதந்திரமாக எழுதலாம். ஆனாலும் மொழிக்குள் "இந்த முகவரிக்குப் போய் வா" என்று சொல்ல ஒரு கட்டளை கிடையாது. அந்த வேலையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

கொண்டுவர மூன்று வழிகள் பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது, ஸ்காட் கிளெமென்ட் எழுதி இலவசமாகத் தந்த ஹெச்டிடிபி-ஏபிஐ என்ற நூலகம். முழுக்க ஆர்பிஜி-யிலேயே எழுதப்பட்டது. பல வருடங்களாக எத்தனையோ நிறுவனங்களைத் தாங்கி வந்திருக்கிறது. இரண்டாவது, சிஸ்டூல்ஸ் லைப்ரரியில் உள்ள எஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள். இவை அடியில் ஜாவாவைப் பயன்படுத்துவதால், ஒரு ஜாபில் (மெஷினில் ஓடும் ஒரு வேலையில்) முதல் அழைப்பின்போது ஜாவா எழுந்து நிற்கவே சில விநாடிகள் போய்விடும். மூன்றாவது, 2021-இல் ஐபிஎம் ஐ 7.3, 7.4 வெளியீடுகளுக்கான டெக்னாலஜி ரெஃப்ரெஷ் என்ற இடைக்கால மேம்படுத்தல்களில் வந்த, க்யூசிஸ்2 லைப்ரரியில் உள்ள புதிய ஹெச்டிடிபி ஃபங்ஷன்கள். இவற்றுக்கு ஜாவா வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பரிந்துரை மூன்றாவதுதான். மெஷின் பழையதாக இருந்தால் ஹெச்டிடிபி-ஏபிஐ போதும். சிஸ்டூல்ஸில் புதிதாக எதையும் இனி எழுத வேண்டாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஐபிஎம் ஐ-யோடு வரும் இன்டக்ரேட்டட் வெப் சர்வீசஸ் சர்வர், உங்கள் ஆர்பிஜி புரோகிராமை வெளியுலகம் கூப்பிடும்படி வெப் சர்வீஸாக மாற்றித் தரும். அது உள்ளே வரும் பாதை. நாம் பேசுவது வெளியே போகும் பாதை.

இனி வேலை. எஸ்க்யூஎல் கலந்த ஆர்பிஜி சோர்ஸ் மெம்பர் (புரோகிராம் எழுதி வைக்கும் இடம்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜேசன்-ஆப்ஜெக்ட் ஃபங்ஷனிடம் நாட்டுக் குறியீட்டையும் எண்ணையும் கொடுத்தால் அனுப்ப வேண்டிய உரை தயாராகிவிடும். அந்த உரையை ஹெச்டிடிபி-போஸ்ட் ஃபங்ஷனுக்கு, முகவரியோடும் சில தெரிவுகளோடும் கொடுக்க வேண்டும். உள்ளடக்கம் ஜேசன் என்று சொல்லும் ஹெடர், இணைப்புக்கு எத்தனை விநாடி, பதிலுக்கு எத்தனை விநாடி ஆகியவைதான் அந்தத் தெரிவுகள். வரும் உரையை ஜேசன்-டேபிளுக்குள் விட்டால், அது ஃபீல்டு ஃபீல்டாகப் பிரிந்து ஆர்பிஜி வேரியபிள்களில் வந்து உட்காரும். மூன்றையும் சேர்த்து ஒரே செலக்ட்டில் எழுதலாம். ஆனால் தொடக்கத்தில் தனித்தனியாக எழுதுங்கள். போன உரையையும் வந்த உரையையும் ஒரு லாக் ஃபைலில் அப்படியே வைத்துக்கொண்டால், பிரச்சினை வரும்போது பாதி விடை அதிலேயே இருக்கும்.

ஹெச்டிடிபி-போஸ்ட்டுக்கு வெர்போஸ் என்ற இன்னொரு வடிவம் உண்டு. அது பதிலின் உரையையும் ஹெடரையும் தனித்தனிப் பத்திகளாகத் தரும், ஹெடரில் நிலை எண்ணும் இருக்கும். 200 என்றால் எதிர்முனை நம் கேள்வியை ஏற்றுப் பதில் தந்தது. 400 என்றால் நாம் அனுப்பிய உரையில் கோளாறு. 404 என்றால் முகவரி தவறு. 500-இல் தொடங்குபவை அவர்கள் பக்கத்துச் சிக்கல்கள். வேலை செய்யும் சிஸ்டத்துக்கு எழுதும்போது வெர்போஸையே பயன்படுத்துங்கள்.

நாட்டுக் குறியீட்டில் ஒரு சின்ன வம்பு. வாடிக்கையாளர் மாஸ்டர் ஃபைலில் கிரீஸ் பெரும்பாலும் ஐஎஸ்ஓ முறைப்படி "ஜிஆர்" என்று இருக்கும். வியெஸுக்கு அது "இஎல்". வட அயர்லாந்துக்கு "எக்ஸ்ஐ". மாற்றிக் கொடுக்காவிட்டால் கிரேக்க வாடிக்கையாளர் ஒருவர்கூடத் தேற மாட்டார்.

அடுத்தது எழுத்துக் குறியீட்டு மாற்றம். ஆர்பிஜி-யில் பழகியவர்கள் இதில்தான் அதிக நேரத்தைத் தொலைக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஐபிஎம்-மின் வணிக மெஷின்கள் பலவும் 1964-இன் சிஸ்டம்/360 காலத்திலிருந்து, எந்த எழுத்துக்கு எந்த பைட் என்று சொல்லும் எப்சிடிக் குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. இணையம் யூடிஎஃப்-8 என்ற வேறொரு குறியீட்டில் பேசுகிறது. ஜேசனின் முதல் எழுத்தான திறப்பு அடைப்பு, { என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூடிஎஃப்-8-இல் அதன் பைட் மதிப்பு 123. அமெரிக்க எப்சிடிக்கான சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியீட்டின் அடையாள எண்) 37-இல் அதன் மதிப்பு 192. யாரும் மாற்றித் தராமல் 123 அப்படியே உள்ளே வந்தால், 37-இல் அது # என்று தெரியும். லாக் ஃபைலில் பதில் # என்று தொடங்கி, அடுத்து புரியாத எழுத்துகளாக இருந்தால், மாற்றம் நடக்கவில்லை என்று அந்த ஓர் எழுத்தே சொல்லிவிடும்.

இன்னொரு வகைக் கோளாறு இதைவிட நுட்பமானது. எப்சிடிக் ஒன்றல்ல, நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனியின் 273-இல் 192 என்ற இடத்தில் இருப்பது மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் 'ஏ'. சென்னையில் இருக்கும் ஒரு குழு 37-இல் சோர்ஸ் எழுதிக் கம்பைல் செய்கிறது. ஜெர்மன் பயனர் அதை 273 ஜாபில் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் திறப்பு அடைப்பை மேற்கோளுக்குள் கையால் எழுதியிருந்தால், பைட் 192 ஆகவே இருக்கும், ஆனால் ஜாப் அதை ஜெர்மன் எழுத்தாகப் புரிந்துகொண்டு யூடிஎஃப்-8-க்கு மாற்றி அனுப்பும். எதிர்முனை "இது ஜேசனே இல்லை" என்று 400-ஐத் திருப்பும். எழுதியவரின் மெஷினில் எல்லாம் ஓடும், பயனரிடம் மட்டும் ஓடாது. அதனால்தான் உரையை மேற்கோள்களும் கூட்டல் குறிகளுமாக ஒட்டித் தைக்காமல், ஜேசன்-ஆப்ஜெக்ட்டிடம் விட்டுவிடச் சொன்னேன். அடைப்புகளை எந்த பைட்டாக எழுத வேண்டும் என்பதை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும்.

மெஷினில் க்யூசிசிஎஸ்ஐடி என்ற சிஸ்டம் மதிப்பு 65535 என்று இருந்தால், "எதையும் மாற்றாதே" என்று பொருள். பல பழைய மெஷின்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பதிலைச் சேமிக்கும் ஃபீல்டும் 65535 என்று குறியிடப்பட்டிருந்தால் பைட்டுகள் வந்தபடியே உறைந்துவிடும். முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள்.

பெயர் ஃபீல்டுக்கும் கவனம் தேவை. போலந்து நிறுவனங்களின் பெயரில் குறுக்குக் கோடு போட்ட ஒரு 'எல்' அடிக்கடி வரும். அதற்கு 37-இலும் இடமில்லை, 273-இலும் இடமில்லை. மாற்றும்போது அந்த இடத்தில் 63 என்ற மாற்று பைட் விழும், மூல எழுத்து போனது போனதுதான். தமிழ்ப் பெயர் வந்தாலும் இதே கதி. அந்த ஃபீல்டை யூனிகோடாக, அதாவது 1200 அல்லது 1208 என்று வரையறுத்தால் பிழைக்கும். நீளத்தையும் தாராளமாக வையுங்கள். யூடிஎஃப்-8-இல் அந்தப் போலந்து எழுத்துக்கு 2 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். "கி" என்று எழுதினாலே 6 பைட் ஆகிவிடும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ஆர்பிஜி-யில் செயின் (சாவியை வைத்து ஒரு ரெக்கார்டைத் தேடிப் படிக்கும் கட்டளை) செய்தால் ரெக்கார்டு கிடைத்ததா இல்லையா என்று ஃபவுண்ட் சொல்லிவிடும். இரண்டே பதில். ஃபைல் நம் டிஸ்கிலேயே இருக்கிறது, "தெரியவில்லை" என்று டிஸ்க் சொல்வதில்லை. பல வருடம் இப்படி எழுதிய கை, வெப் சர்வீஸிடம் கேட்கும்போதும் இரண்டு பதிலுக்கு மட்டுமே இஃப், எல்ஸ் போடுகிறது. செல்லும் என்றால் வரி இல்லை, எல்ஸ் என்றால் வரி போடு, அல்லது ஆர்டரை மறு.

வியெஸின் அமைப்பைப் பார்த்தால் இது ஏன் ஆபத்து என்று புரியும். வியெஸிடம் சொந்தமாக எண்களின் பட்டியல் இல்லை. நெதர்லாந்து எண் கேட்டால் நெதர்லாந்தின் வரித்துறை சிஸ்டத்திடம் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு, வரும் பதிலை நமக்குத் தருகிறது. அந்த நாட்டின் சிஸ்டம் பராமரிப்புக்காக நின்றிருந்தால் வியெஸ் தரும் பதில் "எம்எஸ் அன்அவெய்லபிள்", அதாவது உறுப்பு நாடு கிடைக்கவில்லை. ஒரே நேரத்தில் கேள்விகள் குவிந்தால் அதற்குத் தனிக் குறியீடு. இவை எதுவும் "எண் தவறு" என்று சொல்லவில்லை. எண் சரியா தவறா என்று யாரும் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு கிளை மட்டும் உள்ள புரோகிராம் இந்தப் பதிலை எல்ஸுக்குள் தள்ளி, வருடக்கணக்காக வாங்கும் நல்ல வாடிக்கையாளரைப் போலி என்று முத்திரை குத்திவிடும்.

இது நுழையும் இடம் மிகச் சாதாரணமானது. பிழைப் பதிலில் "செல்லும்" என்ற ஃபீல்டே இல்லாமல் போகலாம். இல்லாத ஃபீல்டுக்கு ஜேசன்-டேபிள் "நல்" (மதிப்பே இல்லை என்ற குறி) தரும். நல் இண்டிகேட்டர் கொடுக்காமல் வாங்கினால் எஸ்க்யூஎல் கோடு மைனஸ் 305 வரும். அந்தப் பிழையை நிறுத்த, கோலெஸ் போட்டு நல் வந்தால் "இல்லை" என்று ஆக்கிவிடுவார்கள். கம்பைல் ஆகும், டெஸ்ட்டில் தேறும், பிழைச் செய்தியும் நிற்கும். "தெரியவில்லை" என்ற பதில் அந்த ஒரு வரியில் "இல்லை"யாகிவிட்டது.

செய்ய வேண்டியது இது. வாடிக்கையாளர் ஃபைலில் நிலைக்கு ஓர் எழுத்து ஃபீல்டு வையுங்கள். செல்லும், செல்லாது, தெரியவில்லை என்று மூன்று மதிப்பு. பக்கத்தில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் நேரமும். இஃப், எல்ஸ் வேண்டாம். செலக்ட், வென் போட்டு மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வெப் சர்வீஸை அழைக்கும் புரொசீஜர் தொடங்கும்போதே நிலையைத் "தெரியவில்லை" என்று வைத்துவிட வேண்டும். நிலை எண் 200 ஆகி, "செல்லும்" ஃபீல்டு உண்மையிலேயே வந்திருந்தால் மட்டும் அதை மாற்ற வேண்டும். டைம்அவுட், டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) பிழை, புரியாத ஜேசன், நல், எதுவானாலும் தானாகவே "தெரியவில்லை"யிலேயே நிற்கும்.

தெரியவில்லை என்றால் ஆர்டரை என்ன செய்வது? ஆர்டரை ஏற்று பில்லை நிறுத்தி வைக்கலாம். சமீபத்தில் செல்லும் என்று வந்த பதில் இருந்தால் அதை நம்பலாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேட்கலாம். எதைச் செய்வது என்பது கணக்குப் பிரிவும் வரி ஆலோசகரும் சொல்ல வேண்டிய பதில். புரோகிராமர் மௌனமாக முடிவு செய்யக்கூடாது. ஆனால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று அவர்கள் மேசைக்குக் கொண்டுபோவது நம் கடமை, ஏனென்றால் வேறு யாருக்கும் அது தெரியாது. அப்படியே, நம் நிறுவனத்தின் வாட் எண்ணையும் சேர்த்துக் கேட்டால் வியெஸ் ஒரு விசாரணை எண் தரும். தணிக்கையில் "நாங்கள் சரிபார்த்தோம்" என்று காட்ட அது உதவும், அதற்கும் ஒரு ஃபீல்டு ஒதுக்குங்கள். ஜெர்மனி, ஸ்பெயின் எண்களுக்குப் பெயர், முகவரி வராது. அதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது ரெக்கார்டு லாக். அப்டேட்டுக்காகத் திறந்த ஃபைலில் செயின் செய்தால் அந்த ரெக்கார்டு நம் ஜாபுக்குப் பூட்டப்படும். டிஸ்க் வேலை என்றால் அது கண்ணிமைக்கும் நேரம். இடையில் வெப் சர்வீஸை அழைத்தால், பதிலுக்காக 30 விநாடி காத்திருந்தால் பூட்டும் 30 விநாடி இருக்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருக்கும் கல்லாக்காரர் மாதிரி. வரிசையில் நிற்கும் பில்லிங் ஜாப், இயல்பான அமைப்பில் 60 விநாடி காத்திருந்துவிட்டு, நிலைக் குறியீடு 1218-இல் (ரெக்கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழையில்) விழும். வியெஸ் மெதுவானதற்காகக் கிடங்கில் பில் அடிக்க முடியாமல் போகும். அந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

அதனால் முதலில் செயினுக்கு (என்) எக்ஸ்டெண்டர் போட்டுப் பூட்டாமல் படியுங்கள். பிறகு வெப் சர்வீஸை அழையுங்கள். பதில் வந்த பின் பூட்டிப் படித்து, இடையில் வேறு யாரும் வாட் எண்ணை மாற்றவில்லை என்று பார்த்து, அப்டேட் செய்யுங்கள். கமிட்மென்ட் கண்ட்ரோலில் (பல மாற்றங்களை ஒன்றாக உறுதிசெய்யும் முறையில்) ஓடும் புரோகிராம் என்றால், பாதியில் நிற்கும் டிரான்ஸாக்ஷனோடு வெளியே போகவே கூடாது.

கிரீன் ஸ்கிரீன் முன்னால், அதாவது ஏஎஸ்/400-இன் எழுத்துத் திரை முன்னால், உட்கார்ந்திருக்கும் மனிதரைக் காக்க வைப்பதற்கும் அளவு உண்டு. என் கணக்கில் 5 விநாடிக்கு மேல் வேண்டாம். அதற்குள் வராவிட்டால் "தெரியவில்லை" என்று திரையில் காட்டிவிட்டு, வாடிக்கையாளர் எண்ணை ஒரு டேட்டா க்யூவில் போட்டுவிடலாம். பின்னணியில் ஒரு பேட்ச் ஜாப் அந்த க்யூவைப் படித்து நிதானமாக மறுபடி கேட்கும்.

மறுபடி கேட்பதில் ஓர் எச்சரிக்கை. வாட் எண் செல்லுமா என்று பத்து முறை கேட்டாலும் எதுவும் மாறாது. ஆனால் ஷிப்பிங் கம்பெனிக்கு ஆர்டர் அனுப்பும் சர்வீஸ் என்றால் கதை வேறு. டைம்அவுட் ஆனது என்பதற்காக ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் இரண்டு லாரி வரும். ஒவ்வொரு கேள்விக்கும் நாமே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் எதிர்முனை இரண்டாம் முறை செய்யாது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே மறு முயற்சியை எழுத வேண்டும்.

மற்றவை சட்டென்று. மெஷினிலிருந்து வெளியே 443 போர்ட் திறந்திருக்கிறதா என்று நெட்வொர்க் டீமிடம் கேளுங்கள். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பு, சிஎஃப்ஜிடிசிபி கட்டளையின் 12-ஆம் தெரிவில் இருக்கிறது. எதிர்முனையின் சர்டிஃபிகேட்டை நம்ப, அதை வழங்கிய அமைப்பின் சர்டிஃபிகேட் நம் மெஷினின் சர்டிஃபிகேட் கிடங்கில் இருக்க வேண்டும். டிஜிட்டல் சர்டிஃபிகேட் மேனேஜரில் அதைச் சேர்க்கலாம். புரோகிராமை ஓட்டும் பயனருக்கு அந்தக் கிடங்கைப் படிக்க உரிமையும் வேண்டும். செக்யூரிட்டி ஆஃபீசர் உரிமையில் டெஸ்ட் செய்துவிட்டுப் போனால் சாதாரணப் பயனரிடம் முதல் நாளே இது நின்றுவிடும். சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காதே என்று சொல்லும் தெரிவு ஒன்றும் உண்டு. அவசரத்துக்குக்கூட அதைத் தொடாதீர்கள். வரி முடிவு ஒன்றை யாரென்று தெரியாத சர்வரின் பதிலை வைத்து எடுப்பதற்கு, கேட்காமலே இருந்துவிடலாம்.

பணத் தொகை வரும் சர்வீஸ்களில், ஜேசன்-டேபிளில் அந்தப் பத்தியை டெசிமல் என்றே வரையறுங்கள், ஃப்ளோட் வேண்டாம். ஆர்பிஜி-யின் பேக்டு டெசிமல் காசு தவறாமல் கணக்கிடும். அந்த நேர்த்தியை வாசலிலேயே இழக்க வேண்டாம்.

தொடங்குவதற்கு ஆர்பிஜி-யே வேண்டாம். ஐபிஎம்-மின் ஏசிஎஸ் மென்பொருளில் ரன் எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட்ஸ் ஜன்னலைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் சொந்த வாட் எண்ணையே வைத்து ஹெச்டிடிபி-போஸ்ட் வெர்போஸை ஒரு செலக்ட்டாக ஓட்டிப் பாருங்கள். நெட்வொர்க், சர்டிஃபிகேட், எழுத்துக் குறியீடு எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அது சரியாக வந்த பிறகு முகவரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி ஓட்டுங்கள். டைம்அவுட்டை 1 விநாடியாக வைத்து ஓட்டுங்கள். வரும் பிழைகளை எழுதி வைத்துக்கொண்டு, ஆர்பிஜி புரொசீஜரில் "தெரியவில்லை" கிளையை முதலில் எழுதுங்கள். "செல்லும்" கிளையை அதற்குப் பிறகு எழுதலாம்.